பிள்ளை பெற்றபின் தளர்ந்த மார்பகம்: ஊசியா, இம்பிளான்ட்டா, லிஃப்ட்டா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதிய தங்கச்சிக்கு. 34 வயது, இரண்டு பிள்ளைகள், சின்னவன் இன்னும் இரவில் பால் குடிக்கிறான். மார்பகம் தளர்ந்து மேற்பகுதி வெறுமையாகிவிட்டது, கண்ணாடி முன்னால் நிற்கவே மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் ஒரு கிளினிக் ‘ஒப்பரேஷன் இல்லை, ஒரே நாளில் ஊசி’ என்று பேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருக்கிறது, இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டினால் கழிவு என்கிறார்கள். அதை நம்பலாமா, இம்பிளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கன் பை) வைத்தால் புற்றுநோய் வருமா, இன்னொரு பிள்ளை பிறந்தால் பால் கொடுக்கலாமா, திருகோணமலையிலேயே செய்ய வழியிருக்கா என்பவை உங்கள் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: என் உடம்பில் மாறியது என்ன, அந்த மாற்றத்துக்குப் பொருந்துவது எது? அதைத் தெளிவாக்கினால் மற்றவற்றுக்குப் பதில் சொல்வது சுலபம்.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. தாதிய உத்தியோகத்தராகக் கொழும்பில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வாட்டில் நீண்ட காலமும், பிறகு ஊருக்கு மாறி வந்து சத்திரசிகிச்சை வாட்டிலும் கிளினிக்கிலும் வேலை செய்தவள். கத்தி பிடித்தது டொக்டர்மார். கட்டை அவிழ்த்ததும், காயம் ஆறும்வரை பார்த்ததும், பெண்கள் டொக்டரிடம் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டதும் நாங்கள். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் ‘உங்களுக்கு இதுதான்’ என்று நானோ வேறு யாரோ சொல்ல முடியாது.

முற்பணத்துக்குத் தவணை இருப்பதால் ஊசியை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே ஏற்றும் ஜெல் வகைகளில் எதற்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்றுவரை அனுமதி தரவில்லை, செய்யவே வேண்டாம் என்று எச்சரித்தும் இருக்கிறது. பொலிஅக்ரிலமைட் என்ற ஜெல்லைச் சீனாவில் பல வருடம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஏற்றினார்கள். அது கட்டி கட்டியாக உறைந்து, தசைக்குள் இறங்கி, சிலருக்கு வயிற்றுப் பக்கம்வரை நகர்ந்து, பால் சுரக்கும் காலத்தில் சீழ் பிடித்துப் பெரிய தொல்லையானது. 2006இல் அங்கே தடைசெய்தார்கள். முகத்துக்குப் போடும் ஹைலூரோனிக் அமில ஜெல்லின் ஒரு வகையை ஐரோப்பாவில் மார்பகத்துக்கும் பயன்படுத்தினார்கள். ஸ்கானிலும் மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயிலும் அது மறைத்துக்கொண்டு நிற்பதால் 2012இல் மார்பகப் பாவனையை நிறுத்திவிட்டார்கள். திரவ சிலிக்கனை நேரடியாக ஊசியில் ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம். ஏற்றிய ஜெல்லை முழுதாக வெளியே எடுக்க முடியாது என்பதுதான் இதில் பயங்கரம். இம்பிளான்ட் பிடிக்கவில்லையென்றால் திறந்து எடுத்துவிடலாம். ஜெல் சதையோடு கலந்துவிடும், அதை எடுக்கப் போனால் நல்ல சதையையும் சேர்த்துத்தான் வெட்டவேண்டி வரும். அந்தக் கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஊசியில் இருக்கும் பொருளின் பெயர் என்ன, அது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாகியிருக்கா? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி இங்கே விற்கும் மருந்தும் மருத்துவ உபகரணமும் அந்தப் பதிவுக்குள் வரவேண்டும். பெயரை எழுத்தில் தர மறுத்தால் அதற்கு மேல் அவர்களோடு கதைக்க ஒன்றுமில்லை.

கிறீம், குளிசை, மசாஜ் எண்ணெய் எதுவும் தளர்ந்த மார்பகத்தைத் தூக்காது. உடற்பயிற்சி நல்லதுதான். ஆனால் அது பலப்படுத்துவது மார்பகத்துக்குப் பின்னால் இருக்கும் நெஞ்சுத் தசையை. மார்பகம் சுரப்பியும் கொழுப்பும் தோலும் மட்டும்தான், அதற்குள் தசை இல்லை. கூனாமல் நிமிர்ந்து நடந்தால் தோற்றம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

இனி உங்கள் உடம்பில் நடந்ததுக்கு வருவோம். பால் கொடுத்ததால்தான் இப்படியானது என்று மச்சாள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. ஆராய்ந்து பார்த்ததில் தளர்வோடு தொடர்புபட்டது பால் கொடுத்தது அல்ல. எத்தனை தரம் கருத்தரித்தீர்கள், வயது, உடல் எடை, ஆரம்பத்திலேயே மார்பகம் எவ்வளவு பெரிது, புகைக்கும் பழக்கம், இவைதான். கர்ப்பத்தில் சுரப்பி பெருத்துத் தோலை இழுக்கிறது, பால் நின்றபின் சுரப்பி சுருங்குகிறது, இழுபட்ட தோல் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. போத்தல் பால் கொடுத்த தாய்க்கும் இதேதான் நடக்கும். ஆகவே சின்னவனுக்குக் கொடுப்பதைப் பற்றி மனவருத்தம் வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிரா இல்லாமல் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். மார்பகம் நெஞ்சோடு சேரும் அடி மடிப்பு எங்கே இருக்கிறது, முலைக்காம்பு அதற்கு மேலேயா, நேராகவா, கீழேயா என்று பாருங்கள். காம்பு மடிப்புக்கு மேலே இருந்து, மார்பகம் மட்டும் வற்றிப்போன மாதிரி இருந்தால் குறைந்தது உள்ளடக்கம். காம்பு மடிப்புக்கு நேராகவோ கீழேயோ இறங்கியிருந்தால் மிஞ்சியிருப்பது தோல். காம்பு கீழே பார்த்துக்கொண்டு, மார்பகமும் கனமாக, தோள், கழுத்து நோவோடு இருந்தால் பிரச்சினை பாரம். டொக்டர்மார் அங்குலநாடா வைத்து, கழுத்தெலும்புக் குழியில் இருந்து காம்புவரை அளந்து இதைத்தான் முதலில் தீர்மானிப்பார்கள். உள்ளடக்கம் குறைந்ததற்கு ஒரு சிகிச்சை, தோல் மிஞ்சியதற்கு இன்னொன்று, பாரத்துக்கு வேறொன்று. ஒன்றுக்கான சிகிச்சையை மற்றதற்குச் செய்தால் காசும் போய் உடம்பும் நோகும். கண்ணீரோடு திரும்பி வந்தவர்களில் கூடுதலானோர் இந்த இடத்தில்தான் பிழைவிட்டவர்கள்.

இம்பிளான்ட் உள்ளடக்கத்தைக் கூட்டும், தூக்காது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. தொய்ந்த பன் பைக்குள் தேங்காயைப் போட்டால் பை மேலே எழும்பாது, தேங்காய்தான் பையை இன்னும் கீழே இழுக்கும். லேசான தளர்வு என்றால் நடுத்தர அளவு இம்பிளான்ட் தோலை நிரப்பி நல்ல வடிவம் தரும். காம்பு மடிப்புக்குக் கீழே போய்விட்டவருக்கு வெறும் இம்பிளான்ட் வைத்தால் மேலே ஒரு மேடும், அதற்குக் கீழே வழிந்து தொங்கும் மார்பகமுமாக இரண்டு அடுக்குத் தெரியும்.

சிலிக்கன் ஜெல் இம்பிளான்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. இன்று பாவிப்பவை இரண்டு வகை. இரண்டுக்கும் வெளி ஓடு சிலிக்கன்தான், உள்ளே ஒன்றில் உப்புநீர், மற்றதில் கெட்டியான ஜெல். ஜெல் தொட்டால் இயல்பாக இருக்கும். உப்புநீர் வகை உடைந்தால் நாலைந்து நாளில் மார்பகம் வற்றி உடனே தெரிந்துவிடும், அந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் உடைந்தால் பல பேருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால்தான் ஜெல் வைத்தவர் 5, 6 வருடத்தில் ஒரு தரமும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு தரமும் எம்.ஆர்.ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுக்கவேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. அழகுக்காக வைப்பதென்றால் உப்புநீருக்கு 18 வயதும் ஜெல்லுக்கு 22 வயதும் அவர்கள் வைத்த எல்லை. வெட்டு மார்பகத்தின் அடி மடிப்பில், கருவட்டத்தின் ஓரத்தில், அல்லது அக்குளில் வரலாம். அடி மடிப்பில் வைப்பதையே கூடுதலானோர் விரும்புகிறார்கள், தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். இம்பிளான்ட்டைச் சுரப்பிக்குப் பின்னாலும் வைக்கலாம், நெஞ்சுத் தசைக்குப் பின்னாலும் வைக்கலாம். மெலிந்த உடம்பென்றால் தசைக்குப் பின்னால் வைப்பது ஓரம் தெரியாமல் காக்கும், ஆனால் முதல் கிழமை நோவு கூட.

‘பத்து வருடத்துக்கு ஒரு தரம் கட்டாயம் மாற்றவேண்டும்’ என்று ஒரு கதை உலாவுகிறது. அப்படி ஒரு திகதி இல்லை. ஆயுள் முழுக்க இருக்கும் என்று சொல்வதும் பொய். பத்து வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், முதல் தரம் அழகுக்காக வைத்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஏதோ ஒரு காரணத்துக்காக மறுபடி ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள். பிரதான காரணங்களில் ஒன்று இறுக்கம். எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டும். சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி மார்பகத்தைக் கல்லு மாதிரி ஆக்கிவிடும், நோகவும் செய்யும். யாருக்கு அப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே 34 வயதில் இம்பிளான்ட் வைக்கிறவர் இன்னும் ஒன்றிரண்டு ஒப்பரேஷனுக்கும் சேர்த்துத்தான் சம்மதிக்கிறார், அவற்றுக்கும் பிறகு காசு வேண்டும்.

புற்றுநோய்க் கேள்விக்கு, உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். வழமையான மார்பகப் புற்றுநோய் இம்பிளான்ட்டால் கூடுவதில்லை, பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்ப இதைத்தான் காட்டியிருக்கின்றன. உறுதியான இன்னொன்றும் இருக்கிறது. இம்பிளான்ட்டைச் சுற்றிய உறையில் அரிதாக நிணநீர்க் கலப் புற்றுநோய் ஒன்று வருகிறது, அது மார்பகப் புற்றுநோய் அல்ல. அநேகமாக எல்லாமே சொரசொரப்பான ஓடு கொண்ட இம்பிளான்ட்டோடுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருடம் கழித்து, அநேகமாக 8, 10 வருடத்தில், ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நேரத்தோடு பிடித்தால் இம்பிளான்ட்டையும் உறையையும் முழுதாக எடுத்தாலே பெரும்பாலும் குணமாகிவிடும். வழுவழுப்பான ஓடு தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. உறுதியில்லாத பக்கம் எதுவென்றால், இம்பிளான்ட் வைத்த சில பெண்கள் களைப்பு, மூட்டு நோவு, மறதி, முடி கொட்டுதல் என்று சொல்கிறார்கள், எடுத்தபின் பலருக்குக் குறைந்திருக்கிறது. என்ன காரணம் என்று இன்னும் யாரும் நிறுவவில்லை, அதைக் காட்டும் ஒரு பரிசோதனையும் இல்லை. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று தள்ளுகிற டொக்டரையும் நம்பவேண்டாம், ‘எல்லாருக்கும் நஞ்சு’ என்று பயமுறுத்தும் வீடியோவையும் நம்பவேண்டாம்.

எந்தக் கம்பனிப் பொருள் என்பதும் முக்கியம். பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத்துக்கு உரிமையில்லாத மலிவு சிலிக்கனை இம்பிளான்ட்டில் நிரப்பி வருடக்கணக்காகப் பல நாடுகளுக்கு விற்றது. 2010இல்தான் பிடிபட்டது, நிறுவுநர் 2013இல் தண்டிக்கப்பட்டார். தங்கள் நெஞ்சுக்குள் இருப்பது எந்தக் கம்பனிப் பொருள் என்றே தெரியாத பெண்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல. இம்பிளான்ட் பெட்டியில் கம்பனி, வகை, தொடரிலக்கம் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்று உங்கள் கைக்கு வந்தே ஆகவேண்டும். அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தக்கூடியது, வெறும் ஊகம்தான் என்றாலும், லிஃப்ட். மிஞ்சிய தோலை வெட்டி, சுரப்பியை மேலே தூக்கித் தைத்து, காம்பை அதன் நரம்பும் இரத்த ஓட்டமும் அறாமல் மேலே நகர்த்துவார்கள். கொஞ்சத் தளர்வுக்குக் கருவட்டத்தைச் சுற்றிய வெட்டு மட்டும். அதைவிடக் கூடவென்றால் வட்டத்தில் இருந்து கீழே நேராக ஒரு கோடு. கடுமையென்றால் அடி மடிப்பு நெடுக இன்னொரு கோடும் சேர்ந்து நங்கூர வடிவில் வரும். வேண்டுமென்றால் இம்பிளான்ட்டும் சேர்த்து வைக்கலாம். சில டொக்டர்மார் இரண்டையும் ஒரே நாளில் செய்வார்கள், சிலர் ஆறு மாதம் விட்டுச் செய்வார்கள். அதில் கருத்து வேறுபாடு உண்டு, பிழை சரி என்று நான் சொல்லமாட்டேன். லிஃப்ட்டில் நீங்கள் விலையாகக் கொடுப்பது தழும்பு. நம்முடைய தோல் நிறத்தில் தழும்பு தடிக்க வாய்ப்புக் கூட. இடக்கைத் தோளில் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி ஊசியின் தழும்பைத் தொட்டுப் பாருங்கள். அது தட்டையாக இருந்தால் நல்லது. மேடாகத் தடித்து, கடித்துக்கொண்டு இருந்தால், அல்லது காது குத்தின இடத்தில் கட்டி வந்திருந்தால், டொக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டிய விஷயம் அது. தழும்பு முதல் மூன்று நாலு மாதம் சிவந்து பயமுறுத்தும், வெளிறி மெலிய ஒரு வருடம், ஒன்றரை வருடம் போகும். சிலிக்கன் ஒட்டுத்தாள் உதவும்.

சொந்தக் கொழுப்பை வயிற்றில் இருந்தோ தொடையில் இருந்தோ உறிஞ்சி எடுத்து மார்பகத்தில் ஏற்றும் முறை ஒன்று உண்டு. விளம்பர ஊசியை இதோடு குழப்பக்கூடாது, இது தியேட்டரில் செய்யும் ஒப்பரேஷன். அந்நியப் பொருள் இல்லை என்பது பெரிய நன்மை. ஏற்றியதில் பாதி முதல் 70 வீதம் வரை பிழைக்கும், மிச்சத்தை உடம்பு கரைத்துவிடும், எனவே ஒரு தரத்தில் கொஞ்சம்தான் கூடும். மெலிந்தால் ஏற்றியதும் சேர்ந்து மெலியும். பிழைக்காத கொழுப்பு சிலருக்கு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் படிவாகவோ நிற்கும், பிறகு மெமோகிராம் எடுக்கும்போது ‘கொழுப்பு ஏற்றியிருக்கிறேன்’ என்று சொன்னால்தான் ரிப்போட் எழுதுகிறவர் குழம்பமாட்டார்.

மார்பகக் குறைப்பை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்களுக்கான இந்தப் பதிலை எத்தனையோ பேர் வாசிப்பார்கள், அவர்களுக்காக இதைச் சொல்லாமல் விடமுடியாது. நான் பார்த்ததில் எல்லாரையும்விட நிம்மதியோடு வீட்டுக்குப் போனவர்கள் குறைப்புச் செய்தவர்கள்தான். ஒரு ரீச்சர் நினைவுக்கு வருகிறா. பிரா நாடா அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது, என் சுண்டுவிரல் அதற்குள் கிடக்கும். கரும்பலகையில் எழுதி முடிய கழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாவாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மார்பகத்துக்குக் கீழே வேர்த்து, தோல் வெந்து புண்ணாகி, மடித்த கைலேஞ்சியை அடியில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போவா. வருடக்கணக்காகப் பூஞ்சைக் கிறீம் பூசியிருக்கிறா, ‘உடம்பைக் குறை’ என்ற ஏச்சும் கேட்டிருக்கிறா. ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது, காயம் நோகுது, ஆனா கழுத்து நோ இல்லை மிஸ்ஸி என்று சொல்லிவிட்டு அழுதா. இது அழகு விஷயமில்லை, நோய்க்கான சிகிச்சை. தோள் நோவு, புண், முதுகு நோவு என்று கிளினிக்கில் பதிவு இருந்தால் அரச வைத்தியசாலைப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். காத்திருக்க வேண்டிவரும், ஆனால் காசு கேட்கமாட்டார்கள். நீரிழிவு, அதிக எடை, புகை இருந்தால் நங்கூர வடிவ வெட்டின் கோடுகள் சந்திக்கும் மூலையில் காயம் பிரிந்து ஆறச் சுணங்கும். மிக அரிதாகக் காம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் அதன் ஒரு பகுதி கருகியும் போகலாம்.

பால் கொடுப்பது பற்றி. இம்பிளான்ட் வைத்தவர்களில் பெரும்பாலானோர் கொடுக்கிறார்கள், கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டினால் குழாய்கள் அறுபடும் வாய்ப்புக் கூட. லிஃப்ட்டில் சுரப்பியைக் காம்போடு சேர்த்தே நகர்த்துவதால் பலருக்குச் சுரக்கும். குறைப்பில்தான் ஐமிச்சம் அதிகம், காம்புக்குக் கீழே எவ்வளவு சுரப்பியை விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. எந்த ஒப்பரேஷனிலும் காம்பின் உணர்வு குறையலாம், சிலருக்கு நிரந்தரமாக. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மனதில் இருந்தால் லிஃப்ட்டைத் தள்ளிப்போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். ஆபத்து என்பதற்காக அல்ல, அடுத்த கர்ப்பம் மறுபடி தோலை இழுத்து, செலவழித்ததை வீணாக்கிவிடும் என்பதற்காக.

எங்கே, யாரிடம்? நடைமுறையில் கொழும்பு, கண்டி மாதிரியான இடத்துக்குத்தான் போகவேண்டிவரும், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களும் அதற்கான வசதியும் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். ‘கொஸ்மெட்டிக் டொக்டர்’ என்று பலகை போட்டவர் எல்லாரும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. இலங்கை மருத்துவ சபையில் பெயர் பதிவாகியிருக்கா, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை படித்து நிபுணராகச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். உண்மையான நிபுணர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். இடத்தையும் விசாரியுங்கள். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் இருப்பாரா, இரவில் இரத்தம் கட்டினால் மறுபடி தியேட்டர் திறப்பார்களா? விலை கேட்கும்போது தியேட்டர், மயக்க மருந்து, இம்பிளான்ட், தங்குவது, திரும்பி வரும் கிளினிக், பிழையாகப்போனால் திருத்துவது எல்லாவற்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னைக்குப் போய்ச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். நல்ல டொக்டர்மார் அங்கேயும் உண்டு, ஆனால் மூன்றாம் கிழமை காயம் கசிந்தால் கடல் கடந்து காட்டப் போவீர்களா என்று முதலில் யோசியுங்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் கிழமை கொழும்பிலேயே சொந்தக்காரர் வீட்டில் நில்லுங்கள். முதல் 24 மணித்தியாலத்தில் ஒரு பக்கம் மட்டும் விறைத்து வீங்கி, நோவு ஏறிக்கொண்டே போனால் உள்ளே இரத்தம் கட்டுகிறது, உடனே திரும்பப் போகவேண்டும். ஊருக்கு வரும்போது ஆறேழு மணித்தியாலம் பஸ்ஸில் ஒரே இடத்தில் இருந்தால் காலில் இரத்தக்கட்டி வர வாய்ப்பு உண்டு. ரயிலோ வாகனமோ, இடைக்கிடை எழுந்து நடக்க வசதியாக வாருங்கள். வந்தபின் நாலு முதல் ஆறு கிழமை நெஞ்சுத் தசைக்கு வேலை கொடுக்கக்கூடாது. ‘பாரம் தூக்காதே’ என்று டொக்டர் சொல்வதை எங்கள் பெண்கள் அரிசி மூட்டை என்று மட்டும் விளங்கிக்கொள்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, திருவலையில் தேங்காய் திருவுவது, இடியப்பம் பிழிவது, சின்னவனை இடுப்பில் தூக்குவது, ஸ்கூட்டி ஓடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். இடியப்ப உரலை அழுத்தும்போது இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்து அழுத்துகிறீர்கள் அல்லவா, இம்பிளான்ட் தசைக்குப் பின்னால் இருந்தால் அதை நகர்த்த அந்த அழுத்தமே போதும். வீட்டு வேலைக்கு அம்மாவோ அக்காவோ வந்து நிற்க வழியில்லையென்றால் திகதி எடுக்காதீர்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் கொழும்புக்குப் போன் பண்ணிக் காத்திருக்கவேண்டாம், வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டோடு (சிகிச்சை அட்டை) நேரே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ‘ஏன் இதைச் செய்தாய்’ என்று யாராவது முகம் சுளித்தால் அது அவர்களுடைய குறை. மருந்து தரவேண்டியது அவர்கள் கடமை.

இதற்கெல்லாம் முன்னால் மார்பகத்தைப் பரிசோதித்தே ஆகவேண்டும். நம்முடைய நாட்டில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். கட்டி, ஒரு பக்கத் தோல் உள்ளே இழுபடுவது, காம்பில் இரத்தம் கசிவது ஏதாவது இருந்தால் அழகுக் கதையை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பாருங்கள். எம்.ஓ.எச் ஒபிசில் (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில்) நடக்கும் பெண்கள் நலக் கிளினிக்கில் 35 வயதில் பரிசோதனை உண்டு, இலவசம். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்தான். மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொன்னால் நாள் சொல்லுவா. உங்கள் வயதில் ஸ்கான்தான் கூட உதவும், 40 தாண்டியவருக்கு ஒப்பரேஷனுக்கு முன்னர் மெமோகிராம் எடுப்பார்கள்.

உங்கள் கணவர் என்ன நினைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வாட்டில் சேர்க்கும்போது கணவர் முன்னுக்கு நின்று ‘இந்த அளவு வையுங்கள்’ என்று சொல்ல, மனைவி தலையைக் குனிந்துகொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியான இடத்தில் டொக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணோடு தனியாகக் கதைத்ததையும் பார்த்திருக்கிறேன், அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆசை உங்களுடையதாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மச்சாளுக்கு விளக்கம் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து உங்களுடையது.

இப்போது சின்னவன் பால் குடிக்கிறான், அதனால் எதுவும் அவசரமில்லை. பால் நிறுத்திச் சில மாதமாவது போகாமல் எந்த நல்ல டொக்டரும் அளந்து பார்க்கமாட்டார், மார்பகம் அதன் இறுதி வடிவத்துக்கு வர அவ்வளவு காலம் எடுக்கும். எடையும் ஒரு நிலையில் நிற்கவேண்டும். அதற்குள் பிராவைச் சரியான அளவுக்கு மாற்றிப் பாருங்கள். பிள்ளை பிறக்க முதல் போட்ட அளவையே இன்னும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு தோள் நோகுது என்பார்கள். பிறகு அந்த எம்.ஓ.எச் கிளினிக்குக்குப் போய்க் கைப்பரிசோதனையும் தேவையென்றால் ஸ்கானும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போட்டில் விளங்காத சொல் ஏதும் இருந்தால் இங்கேயே போடுங்கள், பெயரையும் கிளினிக் நம்பரையும் மறைத்துவிட்டு. மார்பகப் படம் மட்டும் யார் கேட்டாலும் அனுப்பவேண்டாம், எனக்கும் வேண்டாம்.